அவசரகாலத் திட்டம் எழுதுவது எப்படி? குமரி மாவட்ட நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடம், லாட்ஜ், ஐஸ் பிளான்ட், அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), பேரூராட்சி அலுவலகம் என்று எதை நடத்தினாலும் ஒருநாள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "உங்க எமர்ஜென்சி பிளான் எங்கே?" உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில் கேட்பார்கள், ஆய்வுக்கு வந்தவர் கேட்பார், இன்சூரன்ஸ்காரரும் கேட்பார். பலர் உடனே தெரிந்தவரிடம் ஒரு கோப்பை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி, கலர் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மேசையில் வைக்க அது போதும். ஒக்கி புயல் மாதிரி ஓர் இரவில் அந்தக் கோப்பைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம், அவ்வளவுதான்.

முதல்முறையாகத் திட்டம் எழுத உட்காருபவருக்காக இதை எழுதுகிறேன். சட்டம் கேட்பதைச் சுருக்கமாகவும், நம் மாவட்டத்தில் யோசிக்க வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவும் சொல்கிறேன்.

முதலில், உங்களை எந்தச் சட்டம் பிடிக்கிறது?

மத்திய, மாநில அரசுகளின் மாவட்ட அலுவலகங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நேரடியாகவே பொருந்தும். அதன் 32-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு அலுவலகமும் தனக்கென ஒரு திட்டம் எழுத வேண்டும், அவ்வப்போது திருத்த வேண்டும், நகலை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே நாகர்கோவில் மாநகராட்சியிலிருந்து கடைசி ஊராட்சி வரை யாரும் "எங்களுக்கு இது இல்லை" என்று சொல்ல முடியாது. துறை தவறு செய்தால் துறைத்தலைவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

தனியாருக்கு இந்தக் கடமை வேறு வாசல்கள் வழியாக வருகிறது. தனியார் பள்ளியின் அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கு தாள் வேண்டும். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு இந்தத் தாள்களை யாரும் சம்பிரதாயம் என்று சொல்லத் துணிவதில்லை. மருத்துவமனைகளுக்கு 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படிப் பதிவு வேண்டும். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடம் என்றால் அது உயரமான கட்டட வகையில் வரும், தீயணைப்புத் துறையின் விதிகள் கடுமையாகும்.

தொழிற்சாலைகளில் ஆபத்தான செய்முறை இருந்தால், வளாகத்துக்குள் விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தை எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அதைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும் தெரியப்படுத்தவும் வேண்டும். போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்தது இது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருந்தாலும் கடமை போய்விடவில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகர ரசாயனம் வைத்திருப்பவர்களுக்கு 1989-ஆம் ஆண்டின் ரசாயன விதிகளும் சேரும். அதன்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும், பெரிய விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் அளவு அந்த வரம்புக்குள் வருகிறதா என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்டிடம் கேட்காதீர்கள்.

சின்னக் கடை, சாப்பாட்டு ஹோட்டல் வைத்திருப்பவர் "நம்மைப் பிடிக்கிற சட்டம் ஏதும் இல்லையே" என்று நிம்மதியாக இருக்கலாம். கேஸ் சிலிண்டரை மட்டும் எண்ணிப் பாருங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய சமையல் எரிவாயு மொத்தம் 100 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது வந்து இறங்கும்போதே வரம்பு தாண்டிவிடும். சீசனில் கன்னியாகுமரி ஹோட்டல்களின் பின்கட்டில் எத்தனை நிற்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று எல்லோருக்கும் பொது. பேரிடர் நேரத்தில் ஆணையம் பிறப்பிக்கும் உத்தரவை நியாயமான காரணமின்றி மதிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதனால் உயிர் போனால் சிறை இரண்டாண்டு வரை நீளும். கம்பெனி என்றால் பொறுப்பில் இருப்பவர்மீது பாயும்.

இடத்தைப் பாருங்கள்

திட்டத்தின் முதல் பக்கம் உங்கள் இடத்தின் வரைபடம். கணினியில் போட வேண்டியதில்லை, கையால் வரைந்தாலும் போதும். ஆனால் நடந்து பார்த்து வரைய வேண்டும். எங்கே மெயின் சுவிட்ச், எங்கே கேஸ் வால்வு, எந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, எந்த ஜன்னலில் கம்பி பதித்திருக்கிறது, தீயணைப்பு வண்டி எந்தச் சந்து வரை வரும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஊகத்தில் பதில் எழுதாதீர்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து பார்த்துச் சொல்வார்கள். நம் ஊர்ச் சந்துகளில் இருபுறமும் மதில் கட்டி, நடுவில் பைக்கும் நிறுத்திவிட்டால் வண்டி முக்கில்தான் நிற்கும். அங்கிருந்து ஹோஸ் எட்டுமா என்பதுதான் அப்புறம் கேள்வி.

அடுத்து, நீங்கள் மாவட்டத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது. குமரி சின்ன மாவட்டம்தான். ஆனால் கடலோரத் தேங்காப்பட்டணத்தில் இருப்பவருக்கும் மலையோரக் குலசேகரத்தில் இருப்பவருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

கடலோரம் என்றால் சுனாமி, புயல், கடல் சீற்றம். 2004 டிசம்பர் 26-ஐப் பற்றிக் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வெளியூரிலிருந்து வந்து தொழில் தொடங்குபவருக்குத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அதிகம் தெரியாத ஆபத்து கள்ளக்கடல். இந்த அலைகள் தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலால் கிளம்பி நம் கரைக்கு வருகின்றன. இங்கே மழை வேண்டாம், காற்று வேண்டாம், வெயில் அடிக்கும்போதே அலை ஏறி வரும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கடற்கரையில் ரிசார்ட், லாட்ஜ், கடை நடத்துபவர் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அறிவிப்பைத் தினமும் பார்ப்பதையும், பார்த்ததை விருந்தினரிடம் சொல்வதையும் யார் வேலை என்று பெயரோடு எழுத வேண்டும். ரிசப்ஷனில் ஒரு கரும்பலகை வைத்து எழுதிப் போட்டாலே பாதி வேலை முடியும்.

நடுப்பகுதியில் ஆறு, குளம், சானல் (பாசனக் கால்வாய்). இங்கே எல்லாம் அணையிலிருந்து தொடங்குகிறது. பேச்சிப்பாறையின் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. பேச்சிப்பாறை 42 அடியைத் தொட்டால் கரையோரத்துக்கு எச்சரிக்கை விடுவது வழக்கம். உபரிநீர் கோதையாற்றில் இறங்கி, திற்பரப்பு வழியாகக் குழித்துறை ஆறாகித் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. கிழக்கே பழையாறு சுசீந்திரம் தாண்டி மணக்குடிக்குப் போகிறது. உங்கள் கட்டடம் இந்த இரண்டில் எதன் கரையில் இருக்கிறது, பக்கத்துக் குளம் நிறைந்தால் மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் கைகாட்டுவார். அந்த உயரத்தைச் சுவரில் பெயின்டால் குறித்துவிட்டு, ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் சர்வரும் மருந்து ஃப்ரிட்ஜும் அதற்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரிகளில் அடித்தளத்தில் ஜெனரேட்டர் வைக்கும் பழக்கம் எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை.

மலையோரத்தில் மண்சரிவு, மரம் விழுதல், சாலை துண்டிப்பு. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடங்களில் தீ. இதை விரிவாக எழுதத் தேவையில்லை. மண்ணை வெட்டிச் சமப்படுத்திய மேட்டுக்குக் கீழே கட்டடம் இருந்தால் மழைக்காலத்தில் அந்தப் பக்க அறையில் ஆள் தங்கக்கூடாது. அந்த ஒரு விதி போதும்.

தொழில் சார்ந்த ஆபத்தைத் தனியாக எழுதுங்கள். அண்டி ஆபீஸில் வறுக்கும் இடமும் தோட்டெண்ணெயும், தும்பு (தேங்காய் நார்) ஆலையில் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும் குவியல், கோயிலில் எண்ணெய் விளக்கும் மரக்கூரையும். 2021 ஜூன் மாதம் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கூரை எரிந்ததை மறக்க முடியுமா?

வெளியூர்க்காரர்கள் கூடங்குளத்தையும் கேட்பார்கள். அது திருநெல்வேலி மாவட்டம். அணுமின் நிலையத்தின் வெளிப்புற அவசரத் திட்டத்தை அதிகாரிகள்தான் எழுதுவார்கள். நம் திட்டத்தில் "ஆட்சியரின் அறிவிப்பைப் பின்பற்றுவோம்" என்ற ஒரு வரி போதும்.

யார் முடிவெடுப்பது?

என் கருத்தில் மொத்தத் திட்டத்திலும் முக்கியமான பக்கம் இதுதான். பெரும்பாலான கோப்புகளில் இல்லாத பக்கமும் இதுதான்.

நம் மாவட்டத்தில் பல நிறுவனங்களின் முதலாளி இங்கே இருப்பதில்லை. துபாயிலோ மஸ்கட்டிலோ திருவனந்தபுரத்திலோ இருப்பார். பள்ளி என்றால் தாளாளர் வேறு ஊரில் இருப்பார். அரசு அலுவலகம் என்றால் அதிகாரி நாகர்கோவிலில் கூட்டத்தில் இருப்பார். கோப்பிலோ "அவசரகால ஒருங்கிணைப்பாளர்: நிர்வாக இயக்குநர்" என்று அழகாகத் தட்டச்சு செய்திருக்கும். ஐஸ் பிளான்டில் அமோனியா கசியும்போது ஷிப்ட் சூப்பர்வைசர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "சார் எடுக்க மாட்டேங்கிறார்" என்று நிற்பார்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: இந்தக் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லவும், வேலையை நிறுத்தவும், மெயின் சுவிட்சை இறக்கவும், தீயணைப்புக்குப் போன் போடவும், அந்த நேரத்தில் இந்த இடத்தில் இருக்கும் மூத்த பணியாளருக்கு முழு அதிகாரம் உண்டு. யாரையும் கேட்க வேண்டாம். பிறகு அது தேவையில்லாத முடிவு என்று தெரிந்தாலும் அவர்மீது நடவடிக்கை இல்லை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் முதல் வரிக்கு உயிர் இல்லை. முதலாளி அதன் கீழ் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பணியாளர்கள் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

இதை எழுத மறுக்கும் முதலாளிகள் உண்டு. "சும்மா சும்மா கடையைச் சாத்திவிடுவான்களே" என்பார்கள். சாத்தட்டும். ஒரு நாள் வியாபாரத்துக்கு விலை சொல்லிவிடலாம்.

அப்புறம் வேலைப் பங்கீடு. பகல், இரவு, ஞாயிறு என்று மூன்று நேரத்துக்கும் தனித்தனியாகப் பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் மாற்றாள் ஒருவர். வேலைகள் அதிகம் இல்லை: எச்சரிக்கை கொடுப்பவர், மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்துபவர், ஆட்களை வெளியே கொண்டுபோய் எண்ணுபவர், வாசலில் நின்று தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்டுபவர், முதலுதவிக்காரர். சின்ன இடத்தில் இரண்டு பேரே இதையெல்லாம் செய்யலாம். இருபது பேர் கொண்ட கமிட்டி போட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

எப்போது என்ன செய்வது

"நிலைமையைப் பொறுத்து முடிவெடுக்கப்படும்" என்ற வரி உங்கள் திட்டத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். எந்த அடையாளம் தெரிந்தால் எந்தச் செயல் என்று முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும்.

வானிலை ஆய்வு மையத்தின் நிறங்களில் தொடங்கலாம். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார், சிவப்பு என்றால் செயல். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரில் இருந்து கனமழை, 115.6-இல் இருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. இதை உங்கள் வேலைக்கு மொழிபெயர்க்க வேண்டும். ஒரு மாதிரி:

- மஞ்சள்: வடிகாலைச் சுத்தம் செய், ஜெனரேட்டரை ஓட்டிப் பார், டீசல் நிரப்பு.
- ஆரஞ்சு: கீழ்த்தளத்துச் சரக்கை மேலே ஏற்று, இரவுப்பணியில் இன்னொருவரைச் சேர், தூரத்திலிருந்து வரும் பணியாளரை முன்னதாக அனுப்பு.
- சிவப்பு: அத்தியாவசியம் இல்லாத வேலை நிறுத்தம், வெளியே யாரும் வேண்டாம்.

சுனாமிக்கு நிறத்துக்காகக் காத்திருக்கக்கூடாது. கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, நிற்க முடியாத அளவு தரை ஆடினாலோ உடனே மேட்டுக்கு ஏறு. முதல் அலை போனதும் சாமான் எடுக்கத் திரும்பாதே. இதையும் அப்படியே எழுதுங்கள்.

பள்ளிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் மழை இருந்தால் ஆட்சியர் விடுமுறை விட்டுவிடுவார். பகல் பதினொரு மணிக்கு வானம் உடைந்தால்தான் பிரச்சினை. பல தலைமையாசிரியர்கள் உடனே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வீட்டில் ஆள் இல்லை, சானல் கரையில் தண்ணீர் ஏறுகிறது, வேன்காரர் அவசரத்தில் இருக்கிறார். பெரும்பாலான நேரம் பிள்ளைகள் உறுதியான கட்டடத்தின் மாடியில் இருப்பதே நல்லது. யாரிடம் ஒப்படைப்பது என்ற பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் கையெழுத்தோடு வாங்கிவையுங்கள். பட்டியலில் இல்லாதவர் சித்தப்பா என்று வந்து நின்றாலும் பிள்ளையை அனுப்பக்கூடாது.

ஆட்களை வெளியே கொண்டுவருவது

கூடும் இடம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஐஸ் பிளான்ட், மீன் பதப்படுத்தும் கூடம், ரப்பர் பால் ஆலை போன்ற அமோனியா இருக்கும் இடங்களில் இது உயிர்ப் பிரச்சினை. கடற்கரையில் பகலில் காற்று கடலிலிருந்து வரும், இரவில் தரையிலிருந்து கடலுக்குப் போகும். பகலில் பாதுகாப்பான இடம் இரவில் வாயு வந்து தேங்கும் இடமாகலாம். காற்றின் திசை காட்டும் காற்றுப்பை ஒன்றைக் கூரையில் கட்டுங்கள், செலவு ஒன்றுமில்லை. காற்று வரும் திசையை நோக்கியோ, அதற்குக் குறுக்காகவோ போக வேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடலாம். வாயுமேகத்தைத் தண்ணீர்த் திரையால் அமுக்கலாம், ஆனால் தரையில் தேங்கிய திரவ அமோனியாவின் மேல் தண்ணீர் பீய்ச்சக்கூடாது. ஆவி இன்னும் அதிகமாகக் கிளம்பும். வால்வை மூட உள்ளே போவது முகமூடியும் பயிற்சியும் உள்ளவர் மட்டும். சுவரின் அந்தப் பக்கம் வீடுகள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். நம் கடற்கரையில் ஐஸ் பிளான்டுக்கும் வீட்டுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு மதில்தான்.

யார் தானாக இறங்கி வர முடியாது என்று ஒரு பட்டியல் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேரிடர் காலத்தில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு தரச் சொல்கிறது. லாட்ஜில் அறை கொடுக்கும்போதே முதியவருக்கும் நடக்க முடியாதவருக்கும் கீழ்த்தளம் கொடுத்துவிட்டால் வேலை பாதி குறையும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஐயப்ப பக்தர் கூட்டமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். நான்கு பேர் அறையில் பத்துப் பேர் படுத்திருப்பார்கள், பார்க்கிங்கில் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். ஆட்கணக்கை ரெஜிஸ்டரில் உள்ளபடி எழுதாமல் உண்மையில் இருப்பவர்களை எண்ணி எழுதுங்கள்.

செங்கல் சூளையிலும் மீன் கூடத்திலும் கட்டட வேலையிலும் ஒடிசா, பீகார், வங்காளத்து ஆட்கள் இருக்கிறார்கள். வழிகாட்டிப் பலகையில் தமிழோடு இந்தியும், ஓடும் மனிதன் படமும் இருக்கட்டும். வேலை நேரத்தில் கேட்டை வெளியே பூட்டும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறோம் என்பார்கள். பூட்டிய கேட்டுக்குள் தீ பிடித்தால் சாவியைத் தேடப் போனவருக்காக உள்ளே இருப்பவர்கள் காத்திருக்க முடியாது.

போனும் கரன்டும் இல்லாதபோது

ஒக்கி புயல் வீசிய 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். முன்கூட்டியே இங்கே வந்து நின்றால் சரி. இல்லையென்றால் அவர்கள் வந்து சேரும்வரை நீங்களும் அக்கம்பக்கமும்தான். திட்டம் எழுதும்போது "உதவி வரும்" என்று தொடங்காமல் "முதல் நாள் நாமே" என்று தொடங்குங்கள்.

கைமணி, மெகாபோன், விசில் வாங்கி வையுங்கள். கடலோரத்தில் பங்குக் கோயிலின் மணியும் மைக்கும் எந்த ஆப்பையும் விட வேகமாக ஊரை எழுப்பும். பங்குத்தந்தையிடமும் ஊர்க் கமிட்டியிடமும் பேசி, உங்கள் இடத்தில் விபத்து என்றால் எப்படி அறிவிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். செல்போனில் பேரிடர் எச்சரிக்கை தரும் சாசெட், டிஎன் அலர்ட் ஆப்கள் இருக்கட்டும், அது வேறு.

எண்களை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்: அவசர உதவி 112, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலோரக் காவல் படை 1554, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. இவற்றோடு உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரின் நேரடி எண்களும் அவசியம். 108-இல் எடுப்பவர் சென்னையில் இருப்பார். "நம்ம ஆலமூடு ஜங்ஷன்" என்றால் அவருக்குப் புரியாது. தாலுகா, ஊராட்சி, சாலை, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் என்ற வரிசையில் முகவரியை நான்கு வரியாக எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர்ப் பெயரே வாயில் வராது. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் செல்போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்தப் பக்கம் போக வாய்ப்பு உண்டு. அதனால் அங்கே நேரடி எண் இன்னும் முக்கியம்.

சாமான்களில் தீயணைப்பானைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். பொதுவான இடத்துக்கு ஏபிசி பவுடர், மின்பலகைக்குக் கார்பன் டை ஆக்சைடு, எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் சமையலறைக்கு அதற்கென உள்ள ஈர ரசாயன வகை. அழுத்தம் காட்டும் முள் உள்ள வகையில் அது பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். காலாவதி ஆகப்போகும் ஒன்றை வீசாமல் பணியாளர்களை அழைத்துப் பின்னை இழுத்து அடிக்கச் சொல்லுங்கள், வாழ்நாளில் ஒருமுறையாவது அடித்துப் பார்த்தவர்தான் நெருப்பின் முன் நிற்பார். ஆனால் நம் மாவட்டத்துக்கு நான் சேர்க்கச் சொல்வது மரம் அறுக்கும் மெஷின், நல்ல வடம், வெட்டுக்கத்தி. தென்னையும் ரப்பரும் சாலையில் விழுந்து கிடக்கும்போது ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது இவைதான்.

ஒத்திகை

எழுதிய திட்டம் சரியா என்று ஒத்திகையில்தான் தெரியும். முதல் ஒத்திகையைச் சொல்லிவிட்டு நடத்துங்கள், இரண்டாவதைச் சொல்லாமல். லாட்ஜ், விடுதி, ஆஸ்பத்திரி என்றால் இரவில் ஒன்று வேண்டும். முதலாளியோ தலைமையாசிரியரோ இல்லாத நாளில் ஒன்று கட்டாயம், முடிவெடுக்கும் அதிகாரம் தாளில் மட்டும் இருக்கிறதா என்பது அன்றுதான் வெளிப்படும். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் வந்து செய்து காட்டுவார்கள். ஆப்த மித்ரா என்ற பேரிடர் உதவிப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

எத்தனை நிமிடம் ஆனது, யார் விடுபட்டார், எந்தக் கதவு இறுகியது என்று ஒரு நோட்டில் எழுதித் தேதியோடு எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "ஒத்திகை சிறப்பாக நடைபெற்றது" என்று மட்டும் எழுதிய நோட்டை எந்த ஆய்வாளரும் நம்ப மாட்டார். குறை எழுதியிருக்கும் நோட்டுக்குத்தான் மதிப்பு.

கொடுப்பதும் வைப்பதும்

அரசு அலுவலகமும் உள்ளாட்சியும் நகலை ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். எழுதும் முன் மாவட்டத் திட்டத்தில் உங்கள் துறைக்கு என்ன வேலை ஒதுக்கியிருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். இரண்டும் முரண்படக்கூடாது. தனியார் நிறுவனங்கள் உரிமம் தரும் துறைக்குக் கொடுப்பதோடு, சட்டம் கேட்காவிட்டாலும் தீயணைப்பு நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் வரைபடத்தின் நகலைக் கொடுப்பது நல்லது. இரவில் வண்டி கிளம்பும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நமக்கு இரண்டு பருவமழை. ஆகவே திருத்தமும் ஆண்டுக்கு இரண்டு முறை, மே கடைசியில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று. பெரும்பாலும் மாறுவது பெயர்களும் போன் எண்களும்தான். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் பைண்டிங்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள், மாற்ற எளிது. முழுக்கோப்பின் ஒரு பிரதி வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கட்டும். மேனேஜர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினால் ஞாயிற்றுக்கிழமை இரவு அதை எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.